திருகாணி வணிகர் திருத்திய நகரம்

குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குப்பை மூன்று நாளாக அள்ளப்படாமல் கிடக்கிறது. நகராட்சி மன்றத்தின் வாசற்படியிலே வந்து விழும் முறையீடுகள் பெரும்பாலும் இவைதாம். கேட்பதற்குச் சின்னஞ்சிறு விஷயங்கள். அரசியல் மேதைகள் எனப்படுவோர் இவற்றைப் பேசுவது தம் தகுதிக்குக் குறைவு என்று கருதுவர். எல்லைத் தகராறு, உடன்படிக்கை, அந்நியச் செலாவணி — இவையன்றோ அரசியல், சாக்கடையா அரசியல் என்று முகஞ்சுளிப்பர். சுளிக்கட்டும். ஆனால் சாதாரணக் குடிமகன் ஆட்சி என்ற ஒன்றை அன்றாடம் நேருக்குநேர் சந்திக்கும் இடம் அந்தச் சாக்கடையோரந்தான். அங்கே தனக்குக் கிடைக்கும் பதிலைக் கொண்டுதான் ஆள்வோரை அவன் எடைபோடுகிறான்.

இந்த உண்மையைப் புரிந்துகொண்டு, மூன்றே ஆண்டுகளில் ஒரு நகரத்தின் முகத்தை மாற்றிக் காட்டினார் ஒருவர். பிரபு குலத்திலே பிறந்தவரல்லர். பல்கலைக் கழகப் பட்டம் பெற்றவருமல்லர். திருகாணி செய்து விற்ற வணிகர். பெயர், ஜோசப் சேம்பர்லின். இங்கிலாந்து நாட்டுப் பர்மிங்காம் நகருக்கு 1873ஆம் ஆண்டு நவம்பரில் மேயராக வந்தவர்.

பிற்காலத்திலே அவர் பெயர் உலகெங்கும் அடிபட்டது, வேறு காரணங்களுக்காக. ஏகாதிபத்தியத்தின் எக்காளமாக, போயர் யுத்தத்தோடு இணைத்துப் பேசப்படும் மந்திரியாகவே வரலாற்று நூல்கள் அவரை அதிகம் காட்டுகின்றன. அந்தச் சேம்பர்லினுக்கு மாலை சூட்ட நாம் வரவில்லை. அவருடைய நீண்ட பொதுவாழ்விலே மூன்று ஆண்டுகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்க விரும்புகிறோம். ஊராட்சி எதற்காக இருக்கிறது என்ற கேள்விக்கு, அந்த மூன்று ஆண்டுகள் ஒரு விடை சொல்கின்றன. அந்த விடையிலே உள்ள குறையையும் சேர்த்தே சொல்கின்றன.

கடையிலே கற்ற பாடம்

1836ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 8ஆம் நாள், லண்டனிலே கேம்பர்வெல் என்ற பகுதியில் பிறந்தார் சேம்பர்லின். தந்தை காலணி வணிகர். குடும்பம் யூனிட்டேரியன் என்ற சமயப் பிரிவைச் சார்ந்தது. அரசாங்கத்தின் ஆதரவு பெற்ற திருச்சபையிலே சேராதவர்கள் அவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அந்நாளில் எட்டாக்கனி. பதினாறு வயதிலே பள்ளிப் படிப்பு நின்றது. பிள்ளை தந்தையின் கடைக்கு வந்து சேர்ந்தான்.

பதினெட்டு வயதிலே, 1854இல், பர்மிங்காமுக்கு அனுப்பப்பட்டார். அவருடைய உறவினரான நெட்டில்ஃபோல்டு என்பவர் அங்கே திருகாணித் தொழில் நடத்திவந்தார். நுனி கூராக உள்ள மரத்திருகாணியைச் செய்யும் அமெரிக்க இயந்திரம் ஒன்று வாங்கப்பட்டது. அதற்கு வேண்டிய மூலதனத்திலே சேம்பர்லினின் தந்தையும் பங்கு போட்டார். தன் பணத்தைக் கவனித்துக்கொள்ள மகனை அனுப்பிவைத்தார். வந்த பிள்ளை கணக்குப் புத்தகத்தையும் சந்தையையும் கரைத்துக் குடித்தார். காலப்போக்கில், இங்கிலாந்தில் செய்யப்படும் உலோகத் திருகாணிகளிலே ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அந்த ஒரு கம்பெனியிலிருந்தே வெளிவந்தது. 1874இல், முப்பத்தெட்டாம் வயதிலே, போதுமான செல்வத்தோடு தொழிலிலிருந்து விலகி, முழு நேரத்தையும் பொதுப்பணிக்கு ஒதுக்கினார்.

இல்லற வாழ்விலோ இடிமேல் இடி. முதல் மனைவி ஹாரியட், 1863இல் மகன் ஆஸ்டினைப் பெற்றெடுத்த சில நாட்களிலே மறைந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, அம்மையாரின் உறவினரான ஃபுளோரென்ஸை மணந்தார். அந்த மணவாழ்வின் முடிவைப் பின்னே காண்போம்.

செட்டுக் கட்சியின் ஆட்சி

சேம்பர்லின் மேயரானபோது பர்மிங்காம் எப்படி இருந்தது? 1871ஆம் ஆண்டுக் கணக்குப்படி மக்கள்தொகை ஏறத்தாழ 3 லட்சத்து 44 ஆயிரம். துப்பாக்கி, பித்தான், பேனாமுனை, பித்தளைச் சாமான், திருகாணி — உலகுக்கெல்லாம் பண்டம் செய்து அனுப்பிய ஊர் அது. ஆனால் அந்தப் பண்டங்களைச் செய்த கைகளுக்கு, நல்ல தண்ணீர் ஒரு குவளை கிடைப்பது அரிதாக இருந்தது.

நகர மக்களிலே ஏறத்தாழப் பாதிப்பேர் கிணற்று நீரை நம்பி வாழ்ந்தனர். ஒரு முற்றத்தைச் சுற்றிப் பல வீடுகள், வீடுகளுக்கெல்லாம் பொதுவாக ஒரு கிணறு, பக்கத்திலேயே கழிப்பிடம், மண்ணிலே ஊறியது கிணற்றிலே கலந்தது. குழாய் நீர் வழங்க ஒரு தனியார் கம்பெனி இருந்தது. காசு கொடுக்க வல்லவர்க்கே அது. அந்தக் குழாயிலும் வாரத்தில் மூன்று நாட்களே தண்ணீர் வந்தது என்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

விளக்கின் கதையோ வேடிக்கையானது. காஸ் விளக்குக் காலம் அது. நகருக்கு இரண்டு காஸ் கம்பெனிகள். இரண்டுக்கும் இடையே ஓயாத போட்டி. ஒருவர் குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டுவார். மூடிய ஈரம் காயுமுன் மற்றவர் தோண்டுவார். நடப்பவர் பள்ளத்தில் விழுவார். இலாபமோ பங்குதாரர் பெட்டியில் விழும்.

நகராட்சி மன்றம் இல்லாமலில்லை. 1838லேயே ஏற்பட்டது, 1851இல் இயற்றப்பட்ட சட்டத்தினால் தெரு, சாக்கடை முதலிய அதிகாரங்களெல்லாம் அதன் கைக்கு வந்துவிட்டன. ஆனால் 1850களிலே அந்த மன்றத்தை ஆட்டிவைத்தவர்கள், தங்களைச் சிக்கனக்காரர்கள் என்று அழைத்துக்கொண்ட ஒரு கூட்டத்தார். செட்டுக் கட்சி என்று நாம் சொல்லலாம். மதுக்கடை ஒன்றிலே கூடி, மன்றத்து வேலைகளைப் பேசி முடிவு செய்துகொள்வது அவர்கள் வழக்கம். வரியை உயர்த்தாதே, செலவு செய்யாதே, கேட்பவனுக்கு இல்லை என்று சொல் — இதுதான் அவர்களுடைய வேதம். திறமையுள்ள பொறியாளருக்குச் சம்பளம் கொடுப்பதுகூட வீண்செலவாகத் தெரிந்தது. காலராவும் பெரியம்மையும் கேட்கும் விலை மட்டும் அவர்கள் கணக்கிலே ஏறவில்லை.

இந்த நிலையிலே ஒரு குடிமகன் முறையிட்டால் என்ன பதில் கிடைக்கும்? தண்ணீரா, கம்பெனியைக் கேள். விளக்கா, இன்னொரு கம்பெனியைக் கேள். கம்பெனியைக் கேட்டால், பங்குதாரர் நலனைப் பார்க்கவேண்டியது எங்கள் கடமை என்பான். ஒருவர் பொய் சொன்னதாகவும் கூறமுடியாது. ஒவ்வொருவர் பதிலும் அவரவர் அளவிலே உண்மைதான். அத்தனை உண்மைகளும் சேர்ந்து, குடிமகன் கையிலே கிடைத்தது மட்டும் சூனியம்!

முறையிட்டவன் கைக்கு வாக்குச்சீட்டு

மாறுதல் எங்கிருந்து வந்தது? மேலேயிருந்து மட்டும் வரவில்லை. 1867ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் நகர்ப்புறத் தொழிலாளரிலே ஏராளமானவர்களுக்குப் பாராளுமன்ற வாக்குரிமை அளித்தது. 1869ஆம் ஆண்டுச் சட்டம் நகராட்சித் தேர்தலிலும் வாக்காளர் தொகையைப் பெருக்கிற்று. வரி செலுத்தும் மணமாகாத பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் நகராட்சி வாக்குரிமை அந்தச் சட்டத்தினால் கிடைத்தது. பாராளுமன்றத் தேர்தலிலே பெண்கள் வாக்களிக்க 1918 வரை காத்திருக்கவேண்டியிருந்த நாடு அது. ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசும் உரிமையோ அரை நூற்றாண்டுக்கு முன்பே சில பெண்களுக்காவது வந்துவிட்டது.

வாக்குச்சீட்டு வந்ததும் வட்டந்தோறும் கட்சி அமைப்பு வந்தது. பர்மிங்காம் லிபரல் சங்கத்தார் ஒவ்வொரு வட்டத்திலும் பொதுக்கூட்டம் கூட்டிக் குழு தேர்ந்தெடுத்தார்கள். வட்டக் குழுக்களின் பிரதிநிதிகள் சேர்ந்து நகரப் பெருங்குழு அமைந்தது. அறுநூற்றுவர் என்றே அதற்குப் பெயர். ஷ்நாட்ஹார்ஸ்ட் என்ற செயலாளர் அதைக் கடிகாரம்போல் ஓடவைத்தார். இது கட்சிக்கு ஆள்சேர்க்கும் தந்திரம் என்று எதிர்க்கட்சியினர் ஏசினர். தந்திரமும் உண்டு; மறுப்பானேன்? ஆனால் முடுக்குச் சந்திலே எழுந்த முறையீடு, மன்றத்து மேசைக்கு ஏறிச்செல்ல ஓர் ஏணி கிடைத்தது என்பதும் உண்மை.

சமய மேடையும் துணைக்கு வந்தது. ஜார்ஜ் டாசன், டேல் ஆகிய போதகர்கள், நகரத்துக்குத் தொண்டு செய்வது இறைத் தொண்டுக்கு ஒப்பானது என்று போதித்தார்கள். மன்றத்துக்குப் போவது மானக்கேடு என்று ஒதுங்கியிருந்த படித்தவர்களும் பெருந்தொழில் நடத்துவோரும் தேர்தலிலே நிற்க முன்வந்தார்கள். அப்படி வந்தவர்களுள் ஒருவர்தாம் சேம்பர்லின். 1869இல் செயின்ட் பால் வட்டத்திலிருந்து நகராட்சி உறுப்பினரானார். நான்கு ஆண்டுகளில் மேயரானார்.

தோண்டிய தெருவுக்கு முடிவு

மேயரானதும் அவர் கைவைத்த முதல் பெரும்பணி, காஸ். இரண்டு கம்பெனிகளையும் நகராட்சியே விலைகொடுத்து வாங்கிவிடவேண்டும் என்ற தீர்மானத்தை 1874 ஜனவரியிலே மன்றத்தின்முன் வைத்தார். விலை 19 லட்சத்து 53 ஆயிரத்து 50 பவுன். கேட்டவர் தலை சுற்றியது. ஏற்கெனவே கடன்பட்ட நகராட்சி, இருபது லட்சத்தை நெருங்கும் சுமையைத் தலையிலே தூக்கி வைத்துக்கொள்வதா?

வணிகர் கணக்கை விரித்தார். காஸ் என்பது நகரம் முழுவதற்கும் தேவைப்படும் பண்டம். ஒரே நகரிலே இருவர் குழாய் பதிப்பது வீண். இப்படித் தனி உரிமையாக நடக்கவேண்டிய தொழில் எதுவோ, அது மக்கள் பிரதிநிதிகள் கையிலே இருக்கவேண்டும். அதன் வருவாய் மக்களுக்கே சேரவேண்டும். இதுதான் அவருடைய வாதத்தின் சாரம். மன்றத்தார் தயங்கினால், அதே பேரத்தைத் தாமே ஏற்றுக்கொள்ளத் தயார் என்றும் கூறினார். வணிகன் தன் பணத்தைப் போடத் தயாரானால் பண்டத்திலே மதிப்பு இருக்கிறது என்று பொருள்! மன்றம் மிகப் பெரும்பான்மையாக இசைந்தது; வரிகொடுப்போர் கூட்டமும் இசைந்தது; 1875இல் பாராளுமன்றம் சட்டம் செய்து கொடுத்தது.

முதலாண்டிலேயே 34,000 பவுன் இலாபம் கிடைத்தது. பின்னர்க் காஸ் விலையும் குறைந்தது. அந்த இலாபத்தின் துணைகொண்டுதான், 1885இல் திறக்கப்பட்ட நகரக் கலைக்கூடம் எழுந்தது. நூலகம், காட்சிச்சாலைகளுக்கு இவ்வளவுதான் வரி போடலாம் என்று சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. எனவே காஸ் இலாகா அலுவலகத்தைக் கட்டி, அதன் மாடியிலே ஓவியங்களை வைத்தார்கள். அடுப்பெரித்த ஏழையின் காசு, அவன் கண்டு களிக்கும் சித்திரமாக அவனிடமே திரும்பி வந்தது.

தண்ணீருக்கு வேறு கணக்கு

அடுத்தது குடிநீர். இங்கேதான் சேம்பர்லின் வணிகரினின்றும் உயர்ந்து நிற்கிறார் என்று கூறுவோம். தண்ணீர்க் கம்பெனியை 13 லட்சத்து 50 ஆயிரம் பவுன் கொடுத்து வாங்க ஏற்பாடு செய்தார். காஸிலே இலாபம் பார்த்தவர், தண்ணீரிலும் இலாபம் பார்க்கப்போகிறாரோ என்று பாராளுமன்றக் குழுவினர் விசாரித்தனர். இல்லை என்றார். தண்ணீர் விற்று நகராட்சி காசு சேர்க்காது. மக்களின் உடல்நலமும் வசதியுமே நமக்கு இலாபம் என்று விளக்கினார்.

இந்த வேறுபாட்டைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கவேண்டுகிறோம். இரண்டும் குழாயிலே வருவன. இரண்டையும் நகராட்சியே வாங்குகிறது. ஒன்றில் இலாபம் தகும், மற்றதில் தகாது. இந்த வரம்பை வகுக்கத் தெரிந்தவர், வாணிபமும் அறிந்தவர், மனிதரின் துயரமும் அறிந்தவர்.

1876 ஜனவரியிலே தண்ணீர் நிலையம் நகராட்சியின் கைக்கு வந்தது. மாசுபட்ட கிணறுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன; குழாய்கள் சந்துகளுக்குள் நுழைந்தன. பின்வந்தவர்கள் அதே வழியிலே நடந்து, வேல்ஸ் மலைநாட்டு ஏலன் பள்ளத்தாக்கிலே அணைகள் கட்டி, 73 மைல் தொலைவிலிருந்து நீரைக் கொண்டுவந்தார்கள். 1904இல் அத்திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது.

இவ்வளவு வேலைக்கும் நடுவே அவர் வீட்டிலே மீண்டும் இடி விழுந்தது. 1875 பிப்ரவரியிலே ஃபுளோரென்ஸ் அம்மையாரும் பிரசவத்திலே மாண்டார். பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. காஸ், குடிநீர்ச் சட்டங்கள் நிறைவேறவேண்டிய ஆண்டு அது. இரண்டு மனைவியரையும் பிரசவத்துக்குப் பறிகொடுத்த அந்த மனிதர், முப்பத்தெட்டு வயதிலே ஆறு குழந்தைகளோடு தனியே நின்றார். துயரத்தை வேலையிலே புதைத்தார் என்று அவர் வாழ்வை எழுதியோர் கூறுகின்றனர்.

இடித்தது யார் வீடு?

மூன்றாவது பணி, நகரின் நடுவிலே இருந்த நெருக்கடிக் குடியிருப்புகளை அகற்றுவது. 1875ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் நகராட்சிகளுக்கு அந்த அதிகாரத்தை அளித்தது. சட்டம் உருவானபோதே சேம்பர்லினுடைய யோசனை கேட்கப்பட்டது. காற்று நுழையாத, ஒளி எட்டாத சந்துகள் நிறைந்த பகுதியை நகராட்சி வாங்கியது. வீட்டுச் சொந்தக்காரர்கள் எதிர்த்தனர். மேயர் தம் சொந்தப் பணத்திலே 10,000 பவுன் கொடுத்து முன்னின்றார். அப்பகுதியின் ஊடே அகன்றதொரு வீதி போடப்பட்டது. அதற்குக் கார்ப்பொரேஷன் வீதி என்றே பெயர். கடைகள் எழுந்தன, நீதிமன்றம் எழுந்தது, நகரத்துக்கு ஓர் எடுப்பு வந்தது.

சாவுக் கணக்கைக் காட்டிப் பெருமைப்பட்டார்கள். 1873 முதல் 1875 வரை அப்பகுதியிலே ஆயிரத்துக்கு ஏறத்தாழ 53 பேர் மாண்டனர். 1879–81இல் அது 21 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் நாம் ஒன்று கேட்கவேண்டும். அந்தச் சந்திலே வாழ்ந்தவர்கள் எங்கே போனார்கள்?

நகராட்சியே வீடு கட்டிக் கொடுப்பது அதிகச் செலவு என்று குழுவினர் முடிவு செய்தனர். நிலம் 75 ஆண்டுக் குத்தகைக்கு வணிகர்களுக்கு விடப்பட்டது. வாழ்ந்தவர்கள் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு பக்கத்துச் சந்துகளிலும், நாளடைவில் புறநகரிலும் ஒண்டினார்கள். 1890 வாக்கிலேதான் நகராட்சி தன் பொறுப்பிலே சில வீடுகளையேனும் கட்டத் துணிந்தது. சாவு விகிதம் குறைந்ததற்குப் புதிய காற்று ஒரு காரணம் என்றால், சாகக்கூடிய ஏழைகள் அங்கே இல்லாமற்போனதும் ஒரு காரணம் அன்றோ?

தண்ணீருக்காக முறையிட்டவனுக்குப் பதில் கிடைத்தது. வீடிழந்து முறையிட்டவனுக்குக் கிடைக்கவில்லை. காஸும் தண்ணீரும் வரிகொடுப்போர் எல்லாருக்கும் பொதுவான கவலை. குடியிருக்கும் அறையோ, அன்றாடங் காய்ச்சியின் தனிக்கவலை. ஊராட்சியின் காது எந்தக் குரலுக்கு எளிதில் திறக்கிறது, எதற்குத் திறப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மேயர் மந்திரியானார்

1876 ஜூனிலே சேம்பர்லின் பாராளுமன்றத்துக்குப் போனார். ஒற்றைக் கண்ணாடியும், சட்டையிலே செருகிய ஆர்க்கிட் மலருமாக, கேலிச் சித்திரக்காரர்களுக்கு விருந்தானார். 1880இல் கிளாட்ஸ்டன் மந்திரிசபையிலே வர்த்தகத் துறை ஏற்றார். அயர்லாந்துக்குச் சுயாட்சி வழங்கும் பிரச்னையிலே 1886இல் தலைவரோடு முரண்பட்டுக் கட்சியை விட்டு வெளியேறினார். தன் ஊர் தன்னை ஆளவேண்டும் என்று வாதாடியவர், அயர்லாந்து தன்னை ஆளக்கூடாது என்று நின்றார்!

1895இல் குடியேற்ற நாட்டு மந்திரியானார். 1899இலே போயர் யுத்தம் மூண்டது. பண்ணைகள் கொளுத்தப்பட்டன; பெண்களும் குழந்தைகளும் முகாம்களிலே அடைக்கப்பட்டனர்; இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே நோயாலும் பட்டினியாலும் மடிந்தனர். அவர்கள் பொருட்டு இங்கிலாந்திலேயே கண்டனம் எழுந்தது. பர்மிங்காம் பிள்ளைகளுக்குச் சுத்தமான தண்ணீர் கேட்டுப் போராடியவர் மந்திரியாக இருந்த காலத்திலேதான், தென்னாப்பிரிக்க முகாம்களிலே பிள்ளைகள் அசுத்த நீரால் செத்தனர். யுத்தத்தை எதிர்த்துப் பேச லாயிட் ஜார்ஜ் 1901 டிசம்பரிலே பர்மிங்காமுக்கு வந்தபோது, கூட்டம் மண்டபத்தை முற்றுகையிட்டது; போலீஸ்காரர் உடுப்பணிந்து அவர் தப்பிச் செல்லவேண்டியதாயிற்று. வட்டந்தோறும் மக்களைப் பேசப் பழக்கிய நகரிலே, மாற்றான் பேச இடமில்லை!

ஏன் இந்த முரண்? நாம் அறிந்தவரை ஒரு விளக்கமே தோன்றுகிறது. பர்மிங்காமிலே, கிணற்றுநீர் குடித்தவன் கையிலே வாக்குச்சீட்டு இருந்தது. முகாமிலே கிடந்த தாய்க்கு அது இல்லை. ஒருவருடைய நல்லெண்ணம் எவ்வளவு பெரிதாயினும், கேட்கும் உரிமை எதிரே நிற்கும்போதுதான் அது நேர்வழியிலே நடக்கிறது.

1906 ஜூலையிலே அவருடைய எழுபதாம் பிறந்தநாளைப் பர்மிங்காம் கோலாகலமாகக் கொண்டாடியது. அடுத்த சில நாட்களிலேயே பக்கவாதம் அவரை வீழ்த்தியது. எட்டாண்டுகள் வாய்பேசத் தடுமாறி வாழ்ந்து, 1914 ஜூலை 2ஆம் நாள் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அடக்கம் செய்ய முன்வந்தபோது குடும்பத்தார் மறுத்து, பர்மிங்காமிலேயே அடக்கம் செய்தனர். மகன் ஆஸ்டின் வெளிநாட்டு மந்திரியானார். இன்னொரு மகன் நெவில், பர்மிங்காமிலே மேயர் பதவி வகித்து, பின்னர் 1937இல் பிரதமரானார். தந்தை மேயராக ஆற்றிய பணிக்காக நகரத்தார் 1880லேயே எழுப்பிய நினைவுச் சின்னம் ஒரு நீரூற்று! பொருத்தம் அறிந்து எழுப்பினார்கள்.

ஒரு வாசல் வேண்டும்

இங்கிலாந்து நகரத்துக் கதை நமக்கெதற்கு என்போர் இருக்கக்கூடும். சேம்பர்லின் மந்திரியாக இருந்த அதே கிளாட்ஸ்டன் ஆட்சியிலேதான், ரிப்பன் பிரபு இந்தியாவுக்கு வைசிராயாக வந்தார். 1882ஆம் ஆண்டு மே 18இல் அவர் வெளியிட்ட தீர்மானம், இந்நாட்டு ஊராட்சிகளிலே தேர்ந்தெடுக்கப்பட்டோர்க்கு இடம் வேண்டும் என்று சொல்லிற்று. சென்னை மாநகராட்சி 1688லேயே தோன்றியது. எனினும், 1913இலே திறக்கப்பட்ட அதன் மாளிகைக்கு ரிப்பன் பெயரையே சூட்டினார்கள். குறை தெரிவிக்க மாநகராட்சிக்கு மக்கள் இன்று அழைக்கும் தொலைபேசி எண்ணும் 1913தான்!

ஆனால் அந்த எண்ணிலே சொல்லும் குறை எல்லாவற்றுக்கும் அந்த மாளிகையிலே விடை உண்டா? 1978இல் சென்னைக் குடிநீர், கழிவுநீர் வேலைகள் தனி வாரியத்திடம் சென்றன. ஆகவே தெருவிலே நீர் தேங்கினால், எந்த நீர் என்று முதலில் ஆராயவேண்டும். மழைநீர் வடிகால் என்றால் மாநகராட்சி. கழிவுநீர்க் குழாய் என்றால் வாரியம். முழங்கால் நீரிலே நிற்பவன் அதை எப்படி ஆராய்வான்? 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளின் பட்டியலிலே குடிநீர் வழங்கலையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறது. பட்டியலிலே இருப்பது வேறு. கையிலே இருப்பது வேறு.

சேம்பர்லின் செய்த காரியத்தின் உட்பொருள் இதுதான் என்போம்: முறையீட்டுக்கு ஒரே வாசல். 1876க்குப் பிறகு பர்மிங்காம் மேயரால், தண்ணீருக்கு அவனைக் கேள், விளக்குக்கு இவனைக் கேள் என்று கைகாட்ட முடியாமற்போயிற்று. காட்டுவதற்கு வேறு ஆள் இல்லை. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வழியைத் தாமே அடைத்துக்கொண்டார். அதுவே அவருடைய பெரிய சாதனை. பணிவான பதில் கடிதம், பதிவு எண், வருந்துகிறோம் என்ற வாசகம் — இவையெல்லாம் பொறுப்பும் அதிகாரமும் ஒரே கையிலே இல்லாதபோது வெறுங் காகிதம்.

அந்த ஏற்பாடும் நிலைத்து நிற்கவில்லை. காஸ் 1949இல் நாட்டுடைமையாயிற்று. தண்ணீர் 1974இல் வட்டார அமைப்பிடம் போய், 1989இல் தனியார் கைக்கு மாறிற்று. சேம்பர்லின் அரும்பாடுபட்டு வாங்கியதெல்லாம் நகரத்தின் கையை விட்டு நழுவியது. 2023 செப்டம்பர் 5ஆம் நாள் பர்மிங்காம் மாநகராட்சி, புதிய செலவு செய்யக் கையிலே பணமில்லை என்று சட்டப்படி அறிவித்தது. பெண் ஊழியர்க்குச் சம ஊதியம் தராமல் சேர்ந்த பாக்கியும், தவறிப்போன கணினித் திட்டமும் காரணங்களிலே முக்கியமானவை. லண்டனிலிருந்து ஆணையர்கள் வந்தமர்ந்தனர். 2025 மார்ச்சிலே குப்பை அள்ளும் தொழிலாளர் காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கினர். அந்த மாத முடிவிலே தெருக்களிலே 17,000 டன் குப்பை குவிந்து கிடந்தது. உலக நகராட்சிகளுக்கெல்லாம் எடுத்துக்காட்டு என்று ஒருகாலத்தில் புகழப்பட்ட நகரிலே எலி ஓடிற்று!

ஒரு நல்ல மேயர் மூன்றாண்டிலே கட்டியதைக் காக்க, அவரைப்போல் இன்னொருவர் வரட்டும் என்று காத்திருந்தால் போதாது. மன்றத்தின் கையிலே அதிகாரமும் பணமும் இருக்கவேண்டும். அதைக் கேட்கும் மக்கள் வட்டந்தோறும் விழித்திருக்கவேண்டும். சந்திலே வாழ்பவன் குரலும் வீதியிலே வாழ்பவன் குரலும் ஒரே அளவுக்குக் கேட்கவேண்டும். இம்மூன்றிலே முதலிரண்டைப் பர்மிங்காம் ஒருகாலத்திலே பெற்றது. மூன்றாவதை அன்றும் பெறவில்லை. நம் ஊர் மன்றங்களிலே அடுத்த கூட்டம் கூடும்போது, சாக்கடை பற்றி ஓர் உறுப்பினர் எழுந்து பேசினால், சில்லறைப் பேச்சு என்று சிரிக்காதிருப்போம். நகரசபை ஏற்பட்டதே அந்தப் பேச்சைக் கேட்பதற்காகத்தான்.